மில்லிமீட்டர் மருமகள்

வெள்ளைச் சுண்டெலியைத் தூக்குவதற்கு முன் என் மருமகள் கையுறை போட்ட உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறாள். சில்லென்று கை பட்டால் எலி மிரளும். மிரண்டால் அளவு தப்பும். பிறகு பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கி, விலாவில் வளர்ந்திருக்கும் புற்றுக்கட்டியை வெர்னியர் அளவுகோலின் தாடைகளுக்கு நடுவே கொடுத்து அளக்கிறாள்.

இதை நான் நேரில் பார்த்தவன். அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக் கூண்டுகள் அத்தனையும் என் பட்டறையில் செய்தவை. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு தலைமுழுகியவன் நான்; நான் முடைந்த கம்பியைத் தாண்டி இன்றுவரை ஓர் எலிகூட வெளியே போனதில்லை.

அவளுக்கு 'மில்லிமீட்டர்' என்று பேர் வைத்ததும் நான்தான். 'ஏறக்குறைய' என்ற சொல் அவள் வாயில் வராது. ஜன்னல் திரைக்கு அவள் அளவு கொடுத்தால் தையல்காரர், "அம்மா, இது துணிம்மா, தங்கமில்ல" என்று கும்பிடுவார். வீட்டில் எதையாவது அளக்க வேண்டுமென்றால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்விப் பிடிப்பாள். அந்த இடைவெளி கலையாமல் நடந்துபோய் ஸ்கேலில் வைத்துப் பார்ப்பாள். வழியில் யார் பேச்சுக் கொடுத்தாலும் விரல் அசையாது.

அவள் புருஷனுக்கு, அதாவது என் மகனுக்கு, கழுத்தில் அதே மாதிரிக் கட்டி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசி போடுகிறார்கள். கேட்குமா கேட்காதா என்று மருத்துவர் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார். அவன் உடம்பில் ஓடுவது என் ரத்தம், எதற்கும் மசியாது என்று மருமகளிடம் சொன்னேன்.

"மாமா, என் எலிங்க எல்லாம் ஒரே வம்சம். ஒரே தீனி, ஒரே ஊசி. ஒண்ணோட ரத்த அணு கட்டியைக் கண்டதும் கூட்டமாப் போய்க் குதறுது. பக்கத்துக் கூண்டுல இருக்கிறதோட அணு, சம்பந்தி வந்த மாதிரி ஒதுங்கி வழிவிடுது. ஏன்னு எங்களுக்கே இன்னும் தெரியல."



நேற்று சாயங்காலம் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு அவன் முதுகுப்பக்கம் வந்து நின்றாள். கட்டியை இரண்டு விரலால் கவ்விப் பிடித்தாள். பக்கத்து நாற்காலியில் நான். விரல்கள் போன வாரத்தைவிட அகலமாக விரிந்திருந்தன.

"குறைஞ்சிருக்கா? காட்டு" என்றான் மகன், திரும்பாமல்.

கையை அப்படியே அவன் முகத்துக்கு முன்னால் கொண்டுபோனாள். தோளைத் தாண்டும்போது அந்த இரண்டு விரல்களும் கொஞ்சம் நெருங்கின.