நாலாம் ஓட்டையில் ஒரு பொட்டு

வட்டக்கச்சியில் நாகேஸ்வரி வீட்டுப் படலையைத் திறந்தவர் எவரும் நின்றபடி கதைத்துவிட்டுத் திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது. படலை 'கிறீச்' என்ற மறுகணம் குசினிக்குள் இருந்து குரல் வந்துவிடும்: "வாங்கோ, வாங்கோ, இருங்கோ!" வந்தது யாரென்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒருமுறை பக்கத்து வளவு மாடு படலையைத் தள்ளியது. அதற்கும், "இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்" என்றவர் அவர்!

அப்பேர்ப்பட்ட மனுசி 2004ஆம் ஆண்டு அறுவடை நேரம் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் இழுத்த பெட்டியில் இருந்து தவறி விழுந்தார். வலது முழங்காலுக்கு மேலே எலும்பு வெடித்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டை வெட்டிய அன்று பார்த்தால், எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் முழங்கால் மடியவில்லை. உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

நடக்க முடிந்தது. சமைக்க முடிந்தது. முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: சைக்கிள்.

அது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நாகேஸ்வரியைத் தெரியாது. கத்தரிக்காயும் பயித்தங்காயும் கட்டிய தன்னுடைய லேடீஸ் சைக்கிளில், கிளிநொச்சிச் சந்தைக்கு வெள்ளாப்பில் போய் வெயில் ஏறமுதல் திரும்புகிறவர். இப்போது கணவர் வீரகத்தியின் சைக்கிளில், பின் கரியரில், ஒரு நெல்லு மூட்டை போல ஏற்றப்பட்டார். வீரகத்திக்குச் சைக்கிள் என்பது ஓடுகிற சாமான் அல்ல, நிற்கிற சாமான். தெரிந்த முகம் ஒன்றைக் கண்டால் போதும், ஒரு காலை நிலத்தில் ஊன்றுவார். மழை, உரம், நெல் விலை எல்லாம் பேசி முடிப்பார். அதுவரை நாகேஸ்வரி நீட்டிய காலோடு பின்னால் இருப்பார். அந்தக் காலைப் பார்த்து நாய்கள் குரைத்தன.

"இஞ்சாருங்கோ, சந்தை முடியப்போகுது!"

"கொஞ்சம் பொறும். மனுசனோடை கதைக்காமல் போகலாமே?"

சொந்தச் சைக்கிள் விறாந்தைச் சுவரில் சாய்ந்தே கிடந்தது. முன் கூடைக்குள் ஒரு கோழி முட்டையிட்டு அடைகிடக்கத் தொடங்கியது. வீரகத்தி தூக்கி எறியப் போனார். நாகேஸ்வரி விடவில்லை. "இருந்திட்டுதெல்லே, இருக்கட்டும். பாவம்." கோழியைக்கூட 'எழும்பு' என்று சொல்ல வாய் வராது அவருக்கு!

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுக்கும் பிள்ளை யதுர்ஷிகா, ஒல்லியான தேகம், ஓங்கிய குரல். அவள் ஒளிக்காமல் சொன்னாள்: "அம்மா, இப்பிடியே விட்டால் இறுகிப் போயிடும். அடுத்த கிளினிக்கிலை பெரிய டொக்டர் பாப்பார். மடியேல்லையெண்டால் மயக்கிப்போட்டு மடிக்கிறதுக்கு யாழ்ப்பாணம் அனுப்புவினம்."

"மயக்கிப்போட்டோ! அப்ப வீட்டை வாற சனத்துக்கு ஆர் பிள்ளை தேத்தண்ணி குடுக்கிறது?"

மகன் குகதாசன் ஒரு உதவி நிறுவனத்தில் வாகனம் ஓட்டுகிறவன். அங்கே வேலை செய்த வெள்ளைக்கார மனுசி ஊருக்குத் திரும்பும்போது, தான் வைத்திருந்த உடற்பயிற்சிச் சைக்கிளை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதுவும் சாதாரணச் சைக்கிள் இல்லை. பஞ்சு வைத்த இருக்கை, அகலமான சாய்மானம். சாய்ந்து இருந்து, காலை முன்னுக்கு நீட்டி மிதிக்க வேண்டும். நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். வீரகத்தி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டேய், சில்லு எங்கை?"

"சில்லு இல்லையப்பா. உள்ளுக்கை ஒண்டு சுத்தும்."

"காத்து எங்கை அடிக்கிறது?"

"அடிக்கத் தேவையில்லை."

"மிதிச்சால் எங்கை போகும்?"

"ஒரு இடமும் போகாது."

வீரகத்தி நெடுநேரம் யோசித்தார். "அப்ப கள்ளன் பயம் இல்லை. எடுத்தவன் தோளிலையெல்லோ சுமந்துகொண்டு ஓடோணும்" என்றார். அன்று பின்னேரமே, சைக்கிள் என்றால் எண்ணெய் விடவேண்டும் என்ற நியாயத்தில், தெரிந்த ஓட்டைகளுக்குள் எல்லாம் தேங்காயெண்ணெய் ஊற்றிவிட்டார். உள்ளே இருந்தது சங்கிலி அல்ல, ரப்பர் பட்டி. அது வழுக்கியது. மறுநாள் யதுர்ஷிகா வந்து மூடியைக் கழற்றி, பட்டியைத் துடைத்து முடித்தபோது விறாந்தை முழுக்கக் கறி தாளித்த வாசம்.

"ஐயா, இனி இதுக்கு எண்ணெய் வைக்கிறேல்லை."

"ஓம் பிள்ளை. அதுக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளேல்லைப் போல."

பிறகுதான் வேலை தொடங்கியது. சீமெந்து நிலம் மேடுபள்ளம், மெசின் ஆடியது. அடியில் இருந்த திருகுகளைத் திருப்பி, பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து ஆட்டத்தை நிறுத்தினாள். நாகேஸ்வரியை இருத்தி, முதுகைச் சாய்மானத்தோடு ஒட்டவைத்தாள். இருக்கைக்குக் கீழே, ஓட்டைக்குள் செருகிய ஒரு இரும்பு ஊசி. அதை இழுத்தால் இருக்கை முன்னும் பின்னும் நகரும், வரிசையாகப் பத்து ஓட்டை.

"இதுதான் முக்கியம் அம்மா. தூரத்துப் பெடலை மிதிக்கேக்கை கால் முழுசா நீளக்கூடாது. கொஞ்சம் மடிஞ்சே நிக்கோணும்." நாலாம் ஓட்டை சரியாக வந்தது. "மிதியைப் பாரமாக்கிற இந்தக் குமிழ் ஒண்டிலையே நிக்கட்டும், கூட்டாதேங்கோ. சேலையை ஏத்திச் செருகுங்கோ, தொங்கிற துணி பெடலுக்கை சுத்தும். முதல் முழுசாச் சுத்தவேண்டாம். தொட்டில் ஆட்டிற மாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுங்கோ. இழுத்து நொந்தால் பரவாயில்லை, குத்தி நொந்தால் நிப்பாட்டுங்கோ."

நாகேஸ்வரி நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து, நாலாம் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினார். "இது என்ரை இடம்."

ஆட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார். ஒருநாள் விடியற்காலை, ஆடிக்கொண்டிருந்த பெடல் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் இறங்கி, ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது! நாகேஸ்வரி கத்திய கத்தில் வீரகத்தி கிணற்றடியில் இருந்து வாளியோடு ஓடிவந்தார். "என்ன, பாம்போ?" "இல்லையப்பா, சுத்திட்டுது! முழுசாச் சுத்திட்டுது!" வீரகத்தி வாளியை வைத்துவிட்டு நின்றார். அவருக்கும் கண் கலங்கியது, பாவம். தண்ணி தெறித்தது என்றார்.

இப்படியே போயிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். ஆனால் படலை சும்மா இருக்குமா?

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கதிரைகளைத் தொலைத்த வீடு அது. மிஞ்சியது இரண்டு பிளாஸ்டிக் கதிரை. அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். "வாங்கோ, இருங்கோ" என்றால் வந்தவர் எங்கே இருப்பார்? பஞ்சு வைத்து, சாய்மானம் வைத்து, விறாந்தை நடுவில் ராசா மாதிரி ஒரு ஆசனம் கிடக்கும்போது!

முதலில் வந்தவள் பக்கத்து வளவுக் கமலாசனி. இருந்தாள். கால் தானாகப் பெடலில் ஏறியது. அவளுடைய கதைக்கும் பெடலுக்கும் அப்படி ஒரு பொருத்தம்: சாதாரணக் கதைக்கு மெதுவாகச் சுற்றும், ஆருடைய மகள் ஆரோடு என்று வந்ததும் காத்தாடி போலச் சுழலும். "நாகேசக்கா, உங்கடை வீட்டை வந்தால் உடம்புக்கு நல்ல சுகம்" என்பாள். நாகேஸ்வரி நீட்டிய காலோடு அருகில் நின்று தேத்தண்ணி ஆற்றுவார்.

அதைவிடப் பெரிய ஆள் அக்கராயன் ஊர்க்காரர் பொன்னையா. நாகேஸ்வரியின் தமக்கை புருசன், கமக்காரர் அமைப்புத் தலைவர், பனை உயரம். சிறுபோகத் தண்ணீர்ப் பங்கீடு பற்றிச் சகலனோடு கதைக்க நாள்தோறும் வருவார். கால் கொள்ளாது என்று இருக்கையைப் பத்தாம் ஓட்டைக்கு இழுப்பார். போகும்போது அப்படியே விட்டுவிட்டுப் போவார். அத்தானிடம் எப்படிச் சொல்வது? கலியாணம் பேசி வைத்ததே அவர்தான். அவர் போன பிறகு நாகேஸ்வரி சத்தம் போடாமல் ஊசியை இழுத்துப் பொட்டுக்குக் கொண்டுவருவார்.

ஒருநாள் அதை மறந்தார். ஊசியைப் பார்க்காமல் ஏறி இருந்து மிதித்தார். பெடல் எட்டாத தூரத்துக்குப் போக, கால் முழுதாக நீண்டு 'சடக்' என்றது. பின்னேரத்துக்குள் முழங்கால் வெள்ளரிப்பழம் போல வீங்கிவிட்டது.

யதுர்ஷிகா வந்தாள். காலைப் பார்த்தாள். குனிந்து ஊசியைப் பார்த்தாள். "இதை ஆர் பின்னுக்கு இழுத்தது?"

வீரகத்தி வாயைத் திறந்தார். நாகேஸ்வரி ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடியது.

"பூனை பிள்ளை."

"பூனையோ?"

"கொஞ்சம் பெரிய பூனை."

"வேட்டி கட்டின பூனை" என்று வீரகத்தி முகட்டைப் பார்த்துச் சொன்னார்.

யதுர்ஷிகா சிரிக்கவில்லை. "அம்மா, இது கதிரை இல்லை, மருந்து. உங்கடை மருந்தை வாற சனத்துக்கெல்லாம் பங்கு போடுவியளோ? வீக்கம் வத்தினாப்பிறகு தொடங்குங்கோ. இருக்க முதல் ஊசி எங்கை நிக்குதெண்டு பாருங்கோ. இன்னொருக்கால் இப்பிடி நடந்தால் யாழ்ப்பாணம்தான். எனக்கு மறிக்கேலாது."

அவள் போன பிறகு நாகேஸ்வரி சுவரில் சாய்ந்த தன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூடைக்குள் இருந்த கோழி அவரைப் பார்த்தது. ஒருவரும் எழும்பவில்லை.

வீக்கம் வற்றியது. திரும்பவும் தொட்டில், திரும்பவும் சுற்று. கிளினிக்குக்கு முதல்நாள் பொன்னையா வந்தார். தண்ணீர்க் கூட்டத்துக்குப் போகிற நாள். வெள்ளை வேட்டி, விபூதி, வாசனை. வீரகத்தி வயலுக்குப் போயிருந்தார்.

"வரட்டும், இருக்கிறன்" என்று வழக்கமான ஆசனத்தில் இருந்து, பத்தாம் ஓட்டைக்கு இழுத்து, கூட்டத்தில் பேசப்போவதை ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். "வாய்க்காலின்ரை கடைசிக் காணிக்காறன் என்ன பாவம் செய்தான்?" பெடல் சுற்றியது. "தலைமாட்டுக்காறன் குளிக்க, கால்மாட்டுக்காறன் குடிக்கவும் வழியில்லையோ?" இன்னும் வேகம். "இதை நான் விடமாட்டன்! விடவே மாட்—"

மெசின் நின்றது. வேட்டித் தலைப்பு பெடல் வாரில் சிக்கி, தண்டில் சுற்றி, அவரை இருக்கையோடு இழுத்துக் கட்டியிருந்தது. பதறி இன்னும் ஒரு மிதி மிதித்தார். இடுப்பு முடிச்சு நெகிழ்ந்தது.

"நாகேசு! ஓடிவா! இல்லை, வராதை!"

"என்ன அத்தான்?"

"கண்ணை மூடிக்கொண்டு வா!"

"கண்ணை மூடினால் எப்பிடிக் கழட்டிறது?"

வேலிக்கு மேலால் கமலாசனியின் தலை எழும்பியது. "என்னக்கா, என்ன சத்தம்?" பொன்னையா வேட்டியை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்லை! நீ போ பிள்ளை!" என்று அலறினார். தண்ணீர்ப் பங்கீடு மறந்துபோயிற்று.

நாகேஸ்வரி மெசின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தினார். "மிதியாதேங்கோ அத்தான். பின்னுக்குச் சுத்துங்கோ. மெல்ல. இன்னும் மெல்ல." வாரைத் தளர்த்தி, மடிப்பு மடிப்பாக உருவினார். கடைசித் துண்டும் கழன்றது. கிறீஸ் பூசிய வேட்டி, ஆனால் கிழியவில்லை.

அப்போதுதான் நாகேஸ்வரிக்கு உறைத்தது. தான் எப்படி இருக்கிறார் என்று குனிந்து பார்த்தார். குந்தி இருக்கிறார்! வலது முழங்கால் மடிந்து கிடக்கிறது. முழுதாக இல்லை, இழுத்து நோகிறதுதான், ஆனால் மடிந்துவிட்டது! ஐயோ, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பொன்னையாவுக்கே பிடிபடவில்லை.

"என்னடி, அடிபட்டதோ?"

"அத்தான்" என்றார் நாகேஸ்வரி நிலத்தில் இருந்தபடியே. அவர் வாயில் இருந்து ஒருநாளும் வராத சொல் வந்தது. "எழும்புங்கோ."

"ஆ?"

"எழும்புங்கோ அத்தான். இது என்ரை கால். நீங்கள் என்ரை காலிலை ஏறி இருக்கிறியள். வந்தால் தேத்தண்ணி தருவன், சோறு தருவன், இதிலை மட்டும் இனி இருக்காதேங்கோ."

பொன்னையா வேட்டியைப் பிடித்தபடி எழும்பினார். பிறகு, அந்தப் பெரிய மனுசன், குனிந்து ஊசியை இழுத்து, இருக்கையைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்ப் பொட்டில் நிறுத்தினார். "உதுக்குத்தானோ இந்தப் பொட்டு? நான் மெசினுக்குக் கண்ணூறு படாமல் வைச்சதெண்டெல்லோ நினைச்சன்."

மறுநாள் கிளினிக்கில் பெரிய டாக்டர் காலை மடக்கிப் பார்த்து, யாழ்ப்பாணம் வேண்டாம் என்றார். சைக்கிள் ஓடலாமா என்று கேட்டதற்கு, சமநிலத்தில், கொஞ்சத் தூரம், பாரம் இல்லாமல் என்றார். யதுர்ஷிகா அவருக்குப் பின்னால் நின்று நாகேஸ்வரிக்கு மட்டும் தெரிய ஒரு குத்தாட்டம் போட்டாள்.

மிச்சம் இருந்தது கூடைக் கோழி. முதல் அடை முடிந்து திரும்பவும் அடைகிடந்தது, முட்டை பொரிக்க இன்னும் நாள் கிடந்தது. அதையும் எழுப்பச் சொன்னான் குகதாசன்.

"அத்தானை எழுப்பலாம். அடைக்கோழியை எழுப்பேலாது" என்றார் அம்மா. "கூடையோடை கழட்டடா."

கழற்றினான். கொத்து வாங்கிக்கொண்டே கழற்றினான். கூடையை எங்கே வைப்பது? நாகேஸ்வரி சுற்றிப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். மெசின் இருக்கையைக் காட்டினார். பயிற்சி நேரம் அவர் கூடையை இறக்குவார், முடிந்ததும் திருப்பி ஏற்றுவார். மற்ற நேரமெல்லாம் சாய்மானத்தில் கோழி. கமலாசனி ஒருமுறை கிட்டப் போய், விரலைச் சூப்பிக்கொண்டு பிளாஸ்டிக் கதிரைக்கு வந்தாள்.

பிறகு ஒரு காலை, நாகேஸ்வரி தன் சைக்கிளை உருட்டி வெளியே எடுத்தார். ஏறினார். வலது பெடல் மேலே வந்து, ஒரு கணம் தயங்கி, இறங்கியது. ஒழுங்கை முனையில் வீரகத்தி ஒரு காலை ஊன்றி யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றார். நாகேஸ்வரி மணியை அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். வீரகத்தி கதையை மறந்து பார்த்தபடி நின்றார். அவர் வாழ்நாளில் கதை பாதியில் நின்றது அன்றுதான்.

எதிரே பொன்னையா, சைக்கிளில், வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"வாங்கோ அத்தான், வாங்கோ! போய் இருங்கோ, வந்திடுறன்!"

"எங்கையடி இருக்கிறது? அங்கை கோழியெல்லோ இருக்குது!"

நாகேஸ்வரி அதற்குள் வளைவில் திரும்பிவிட்டார்.