நான் தேய்த்த கல்

எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பழங்கால மரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கல்லில் எந்த மேடு தெரிந்தாலும் மரம் என்றுவிடுவோம். அறிவியல் வாத்தியாரான எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்காவுக்குக் கல்லங்குறிச்சிப் பக்கம் கொல்லை. அங்கே கிணறு வெட்டும்போது கிடைத்த மணற்பாறைப் பலகையைத் துவைக்கிற கல்லாகப் போட்டிருந்தார். அதில் விரல் தடிமனில் கிளை பிரிந்து ஓடும் புடைப்பு. அதன்மேல் சோளக்கதிர் போல மணி மணியாக இருந்தது. துணி கிழிகிறது என்று ஒருநாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

“நண்டு வளை மாதிரி, ஏதோ தோண்டிக்கிட்டுப் போயிருக்குங்க சார்.”

ஆசிரியர் அறைக்கே கேட்கும்படி சிரித்தேன். “அக்கா, நீங்க சாம்பாரைப் பாருங்க. இது மரக்கிளை. கல்லை நான் பாத்துக்கறேன்.” அவரும் சிரித்தார்.

பள்ளிக் கண்காட்சிக்கு அதை வைக்க ஆசைப்பட்டேன். கிளை என்றால் வழவழப்பாக இருக்க வேண்டாமா? மணிகளெல்லாம் ஒட்டிக்கொண்ட மண் என்று நினைத்து, இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ‘கல்லான மரக்கிளை’ என்று அட்டையும் எழுதினேன்.

கண்காட்சிக்கு வந்த நிலவியல் பேராசிரியை லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“மரம் இல்லீங்க சார். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல கடல். அப்ப கடலடி மணல்ல இறால் மாதிரி ஏதோ தோண்டின வளையா இருக்கலாம். மணல் சரியாம இருக்க, சில பிராணி வளைச் சுவத்துல களிமண் உருண்டைய ஒட்டும், நாம கெணத்துக்கு உறை இறக்குற மாதிரி. அந்த உருண்டை இருந்தா அடிச்சுச் சொல்லிடலாம். இது கெடைக்கும்போதே இப்படித்தான் வழவழன்னு இருந்துச்சா?”

“ஆமாங்க” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

டீ கொண்டுவந்த அக்கா நின்றுவிட்டார். “இல்லீங்களே, மணி மணியா இருந்துச்சுங்களே. என் சேலையே மாட்டிக் கிழிஞ்சுதே.”

பேராசிரியை என்னைப் பார்த்தார்.

“அக்கா வேற ஏதோ கல்லை நெனச்சுக்கிட்டுச் சொல்றாங்க.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் சோறு ஆக்குகிறவர் முன்னாலேயே.

அக்கா டீத் தட்டை வைத்துவிட்டு, கல்லின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். தினமும் துவைத்த கை; தெரியாமல் இருக்குமா? பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“ஆமாங்கம்மா, நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்.”

எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். கூனிக்குறுகிப் போனேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பேராசிரியை தன் நோட்டில் ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று எழுதிக்கொண்டு, போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. ஒரு போன் போட்டால் போதும். தினமும் பதினோரு மணிக்கு அக்கா டீ கொண்டுவருவார். “சக்கரை போதுங்களா சார்?” என்று கேட்பார். டம்ளரைப் பார்த்தபடியே தலையாட்டுவேன்.