முப்பத்திநாலு மதிப்பெண் வாங்கிய இடுப்பு

அந்த மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், தானாக எழுந்து நடக்க முடியாதவர்கள் படுத்திருக்கும் வார்டில், அவளுக்குக் கிரேன் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் சும்மா கிடக்கிறது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும், அங்கிருந்து மறுபடி படுக்கைக்கும் பத்தொன்பது வருடமாக மனிதர்களைத் தூக்கி மாற்றுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? எழுபது கிலோ, எண்பது கிலோ, ஒரு முறை நூற்றுப்பத்து. வார்டு உதவியாளர் என்பது வேலையின் பெயர். கோபம் அவளுக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும்; வலியில் கிடப்பவர்களிடம் மட்டும் அதைக் காட்ட மாட்டாள்.

அவளுக்கு ஜோடி ஒல்லி. ஆள்தான் குச்சி, பிடி இரும்பு. பதினொரு வருடம் இருவரும் சேர்ந்தே தூக்கினார்கள். ஒருத்தி முன்னாலிருந்து நோயாளியைக் கட்டிப்பிடிப்பாள், மற்றவள் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்குவாள். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற வழக்கமெல்லாம் கிடையாது. கிரேன் அக்கா மூச்சை இழுத்தாலே ஒல்லிக்குத் தெரிந்துவிடும். "என் வீட்டுக்காரரோட இப்படி ஒத்துப் போயிருந்தா நான் எங்கேயோ இருந்திருப்பேன்" என்பாள் ஒல்லி. வார்டில் சிரிக்கத் தெம்பு உள்ளவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

கட்டிப்பிடிப்பது என்றால் நிஜமாகவே கட்டிப்பிடிப்பதுதான். நோயாளியின் முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கையையும் அவர் முதுகுக்குப் பின்னால் கோத்து, மோவாயை அவர் தோளில் வைத்து, "என் கழுத்தை நல்லாப் புடிச்சுக்குங்க, நான் விட மாட்டேன்" என்று காதோடு சொல்லித் தூக்க வேண்டும். கிரேன் அக்கா இதைப் பட்டுத்தான் கற்றாள். வேலைக்கு வந்த முதல் வருடம் கூச்சப்பட்டு, உடம்பைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஒரு பெரியவரை நழுவ விட்டுவிட்டாள். அவருக்கு முழங்கை எலும்பில் விரிசல் விட்டது. அவர் திட்டவில்லை, "பயந்துட்டேம்மா" என்று மட்டும் சொன்னார். அன்றோடு அவளுடைய கூச்சம் போயிற்று.

இந்த வார்டுக்கு ஒரு தூக்கும் வண்டி வேண்டும் என்று இரண்டு பேரும் ஆறு வருடமாக எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் வைத்த இரும்புக் கை, அதில் தொங்கும் துணிப்பட்டை. பட்டையை ஆளுக்கு அடியில் விரித்து மாட்டினால் அலுங்காமல் தூக்கிவிடும். தனி அறைகள் இருக்கும் கீழ்த் தளத்தில் ஒன்று நிற்கிறது. இவர்களுடைய மனுக்கள் கிணற்றில் போட்ட கல். ஏழாவது வருடம் ஒரு வழியாகப் பெட்டிகள் வந்து இறங்கின. ஆசையாகப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வண்டி இல்லை, கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்கிற ஹெட்செட் ஆறு இருந்தது.

பயிற்சி அதிகாரி அதைக் குழந்தையை எடுப்பது போல் எடுத்துக் காட்டினார். அதிகாரி கெட்டவர் இல்லை. மூன்றாவது மாடிக்கு அதிகம் வராதவர், அவ்வளவுதான். "மிக்ஸட் ரியாலிட்டி. இதை மாட்டிக்கிட்டா இந்த ரூமும் தெரியும், இல்லாத பேஷண்டும் தெரிவாரு. அவரைத் தூக்கிப் பழகலாம். சரியாத் தூக்கறீங்களான்னு அதுவே மார்க் போடும்."

"இருக்கற பேஷண்டே நாப்பது பேரு சார்" என்றாள் ஒல்லி.

"இந்த ஒண்ணோட விலைக்கு ரெண்டு தூக்கும் வண்டி வந்திருக்குமே சார்" என்றாள் கிரேன் அக்கா.

"வண்டி தூக்கத்தான் செய்யும்மா. இது கத்துக்கொடுக்கும்." அவர் பொறுமையாகத்தான் சொன்னார். அந்தப் பொறுமையைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது பேரை நாளைக்கு நாலு தடவை தூக்குகிறவளுக்குத் தூக்கக் கற்றுக்கொடுக்க ஒரு கண்ணுப் பெட்டி! உதவியாளர்கள் எல்லோரும் அதற்குக் கண்ணுப் பெட்டி என்றுதான் பெயர் வைத்தார்கள்.

முதல் வாரம் ஒல்லியின் முறை. போய்விட்டு வந்து, "முப்பத்திநாலு" என்றாள். "ஸ்கூல்லகூட நான் இவ்வளவு கம்மியா வாங்கினதில்ல." இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த எண் எங்கே போய் உட்காரப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த வாரம் கிரேன் அக்காவின் முறை. வேலை நேரத்திலேயே வரச் சொல்லிவிட்டார்கள். "ஜோடி இல்லாம அவ எப்படித் தூக்குவா?" என்று கேட்டாள். "இருபது நிமிஷம்தானே, சமாளிக்கட்டும்" என்று பதில் வந்தது. கீழே பயிற்சி அறையில் ஒரு காலிக் கட்டில். பெட்டியை மாட்டியதும் அதன்மேல் சட்டை போட்ட ஒரு மனிதர் படுத்திருந்தார். அவள் கை இருந்த இடத்தில் இரண்டு நீலக் கைகள் தெரிந்தன. 'எடையை உடலோடு ஒட்டிப் பிடிக்கவும்' என்றது பெட்டிக்குள் ஒரு பெண் குரல். அவள் வழக்கப்படி குனிந்து அணைத்தாள். கைக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. எடை இல்லை, சூடு இல்லை, பயந்த மூச்சும் இல்லை. நீலக் கைகளும் சட்டென்று காணாமல் போயின. முப்பத்தொன்று என்று எண் மின்னியது. பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேட்ரன் வேகமாக உள்ளே வந்தார்.

மேலே ஏழாம் படுக்கைக்காரரை, எண்பத்தெட்டு கிலோ, கழிப்பறைக்கு அழைத்துப்போக ஒல்லி தனியாகத் தூக்கியிருக்கிறாள். அவசரம் என்று அவர் அழாத குறையாகக் கெஞ்சினாராம். பாதி எழுப்பும்போது அவர் கால் மடங்கிவிட்டது. ஒல்லி அவரை விடவில்லை. அவரைப் பத்திரமாகக் கட்டிலில் சாய்த்துவிட்டுத் தரையில் விழுந்தாள். முதுகுத்தண்டில் வட்டு விலகிவிட்டது. ஸ்கேன் அறைக்கு அவளைக் கொண்டுபோன தள்ளுவண்டியைக் கிரேன் அக்காதான் தள்ளினாள். இல்லாத ஒருத்தனைத் தூக்க என்னைக் கூப்பிட்டீர்கள், இருக்கிறவரை அவள் தனியாகத் தூக்கினாள் என்று அந்த நீள வராந்தா முழுக்க உள்ளுக்குள் கத்திக்கொண்டே போனாள்.

பத்து நாள் கழித்து விபத்து பற்றிய அறிக்கை வந்தது. மேட்ரன் கூப்பிட்டுக் காட்டினார். 'பயிற்சி மதிப்பீட்டில் முப்பத்திநாலு மதிப்பெண். காயத்துக்குக் காரணம் தவறான முறையில் தூக்கியது.' இது இப்படியே மேலே போனால் ஒல்லிக்கு வேலையில் பட்ட காயம் என்ற சலுகை கிடையாது. சம்பளத்தோடு விடுப்பு இல்லை, சிகிச்சைச் செலவும் அவள் தலையில். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவும் மாட்டார்கள்.

"பதினொரு வருஷம் தப்பாத் தூக்கினவ எப்படி மேடம் ஒருத்தரையும் கீழ போடல?"

"எனக்குத் தெரியும்டி. ஆனா மெஷின் சொல்லுதுன்னா மேல யாரு என் பேச்சைக் கேப்பாங்க? வெள்ளிக்கிழமை விசாரணை. சாட்சியா நீ வா. கத்தாம பேசு."

கத்தாமல் பேசு. அதுதான் அவளுக்கு வராத வித்தை. ஆனாலும் கத்தி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே புரிந்தது. பெட்டி சொன்னதைப் பெட்டியை வைத்தேதான் உடைக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் பிசியோதெரபி அறைக்குப் போனாள்.

அங்கே இருக்கும் பெண்ணிடம் ஆறில் ஒரு ஹெட்செட் இருந்தது. பக்கவாதம் வந்த ஒரு தச்சருக்கு அதை மாட்டி, காற்றில் மிதக்கும் பந்துகளைப் பிடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக மடியிலேயே கிடந்த அவருடைய இடது கை தோள் வரை எழும்பியது. அவர் சிரித்துக்கொண்டே அழுதார். கிரேன் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அதாவது, தான் திட்டிக்கொண்டிருந்த சாமான் ஒரு நல்ல காரியம் செய்வதைப் பார்ப்பது பிடிக்கவில்லை. இருந்தாலும் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாதே.

"பாப்பா, அந்தத் தூக்கற பாடத்தை எனக்கு ஒரு தடவை போட்டு விடு. கை ஏன் காணாமப் போகுதுன்னு பாக்கணும்."

பிசியோ பெண் பாடத்தைப் போட்டுப் பார்த்துச் சொன்னாள். "பெட்டிக்கு முன்பக்கம் கேமரா இருக்குக்கா. அதுக்குத் தெரியற வரைக்கும்தான் கை. நீங்க கட்டிப்பிடிச்சா கை உங்க உடம்போட மறைஞ்சுடும். கையே இல்லைன்னு அது மார்க்கைக் குறைச்சுடுது."

"அப்ப கையை நீட்டினா?"

கிரேன் அக்கா நீட்டிப் பார்த்தாள். தட்டில் தண்ணீர் தம்ளர் ஏந்துகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அந்த ஆவி மனிதரை அலாக்காகத் தூக்கினாள். தொண்ணூற்றாறு மதிப்பெண். 'மிகச் சிறப்பு' என்றது குரல். உடலோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்ன அதே குரல்தான். ஒல்லி ஒழுங்காகத் தூக்கினாள் என்பதற்குத்தான் முப்பத்திநாலு வாங்கியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை பயிற்சி அறையில் நீள மேசையைச் சுற்றி ஆறு பேர். மேட்ரன், பயிற்சி அதிகாரி, பிசியோ பெண், நிர்வாகத்திலிருந்து மூன்று பேர். காலிக் கட்டில் அப்படியே கிடந்தது. அதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு, "இவ்வளவு பெரிய முதலீடு எதுக்குன்னு சிலர் கேக்கறாங்க. இந்த மாதிரி விபத்தைத் தடுக்கத்தான்" என்றார்.

"எதுக்குமே ஆகாதுன்னு நான் சொல்லல சார்" என்றாள் கிரேன் அக்கா. "அந்தத் தச்சருக்குக் கை வந்துச்சு, என் கண்ணால பாத்தேன். ஆறையும் அந்தப் பொண்ணுகிட்டயே கொடுங்க. நாங்க தூக்கறதுக்கு இது எதுக்குன்னுதான் கேக்கறேன்."

"பொதுவாப் பேசாதீங்கம்மா. டேட்டா இருக்கு."

அவள் பதில் சொல்லாமல் பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிசியோ பெண் அதைச் சுவர்த் திரையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டாள். முதலில் தினமும் தூக்குகிற மாதிரி தூக்கினாள். நீலக் கைகள் மறைந்தன. முப்பது. பிறகு தட்டு ஏந்துகிற மாதிரி. தொண்ணூற்றைந்து. நிர்வாகத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி தொண்டையைச் செருமி, கேமராவின் கோணம், அடுத்த அப்டேட் என்று ஏதோ சப்பைக்கட்டு கட்டினார். "ஆனாலும் கையை நீட்டிப் பிடிக்கிறது தப்புன்னு சொல்லிட முடியாது" என்றார்.

அந்த வாக்கியத்தில்தான் அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கத்தவில்லை. செருப்பை விட்டு, கட்டிலில் ஏறி, மல்லாந்து படுத்து, கைகால்களைத் தளர விட்டாள். பத்தொன்பது வருடத்தில் அவள் அந்த மருத்துவமனைக் கட்டிலில் முதுகு சாய்த்தது அதுதான் முதல் தடவை.

"எழுபத்திநாலு கிலோ சார். ஏழாம் படுக்கையை விடக் கம்மிதான். தொண்ணூத்தஞ்சு மார்க் முறையில என்னைத் தூக்கி அந்த நாற்காலியில வைங்க. கையை நீட்டியே தூக்குங்க."

"என்ன விளையாட்டு இது" என்றார் அதிகாரி. மேட்ரன் கன்னத்தில் கைவைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நிர்வாகத்து ஆட்களும் பார்த்தார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. வந்தார். குனிந்து, ஒரு கையை அவள் முதுகுக்கு அடியிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்து, தம் பிடித்துத் தூக்கினார். அவள் நாலு விரல்கடை எழும்பியிருப்பாள். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். அவர் குனிந்த நிலையிலேயே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது.

படுத்தபடியே அவள் கேட்டாள். "தவறான முறைன்னு எழுதிக்கலாமா சார்?"

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். அவருக்கு எதிரே போய், முழங்காலால் முட்டுக்கொடுத்து, கைகளை அவர் முதுகுக்குப் பின்னால் கோத்து, மோவாயை அவர் தோளில் வைத்தாள். "என் கழுத்தைப் புடிச்சுக்குங்க. விட மாட்டேன்." அவர் பிடித்துக்கொண்டார். முப்பது மதிப்பெண் முறையில் அவரை மெதுவாகத் திருப்பி நாற்காலியில் இறக்கினாள்.

"எங்க வலிக்குது சார்?"

அவர் இடுப்புக்கு மேலே தொட்டுக் காட்டினார்.

"அவளுக்கும் அங்கதான்" என்றாள்.

மேட்ரன் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். தவறான முறை என்ற வரியை அடித்துவிட்டு, 'ஜோடியைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டதால் தனியாகத் தூக்க நேர்ந்தது' என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை அதிகாரியிடம் நீட்டினார். அவர் நிமிராமலே வாங்கிப் போட்டார். நிர்வாகத்து ஆள் ஒருவர் தூக்கும் வண்டி பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்.

கிரேன் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஆகப் போகிறது.

"பேசுங்க. ஏழாம் படுக்கையை இப்பத் திருப்பிப் போடணும், இல்லைன்னா முதுகு புண்ணாயிடும். எனக்கு ஜோடி இல்ல." மேசையைச் சுற்றி இருந்த ஒவ்வொரு முகத்தையும் அவள் பார்த்தாள். "யார் வர்றீங்க?"