கார்ஃப்பால் கம்பத்தை நான் நட்ட இடம்

1. ஒரே ஒரு பந்து

கார்ஃப்பால் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு மூன்று நாள் பயிற்சி முகாமில். அந்த முகாமுக்குப் போக எனக்கு இஷ்டமே இல்லை. "வேற யாரும் போக மாட்டேங்குறாங்க மேடம், நீங்களே போய்ட்டு வந்துடுங்க" என்று எங்கள் பள்ளி ஹெச்.எம். கெஞ்சியதால் போனேன். திரும்பி வரும்போது பையில் ஒரு பந்தும் ஒரு விதிப் புத்தகமும் இருந்தன. எனக்குப் பைத்தியமும் பிடித்திருந்தது.

விளையாட்டு இதுதான். ஓர் அணியில் நான்கு பையன்கள், நான்கு பெண்கள். பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, தரையில் தட்டிக்கொண்டும் போகக் கூடாது. கைமாற்றித்தான் ஆக வேண்டும். பதினோரு அடிக்கும் மேலே, கம்பத்தின் உச்சியில் அடியில்லாத ஒரு கூடை. அதில் போட்டால் கோல். கூடைக்குப் பின்னால் பலகை கிடையாது. பெண்ணைப் பெண்தான் தடுக்கலாம், பையனைப் பையன்தான் தடுக்கலாம்.

திருவொற்றியூரில் எங்கள் பள்ளி மைதானம் முழுக்கப் பையன்களின் கிரிக்கெட்டுக்குத்தான். பெண்பிள்ளைகள் ஓரமாக நின்று ரிங் பால் ஆடுவார்கள், அதுவும் பையன்கள் விட்ட இடத்தில். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. அதனால்தான் இந்த ஆட்டம் அவ்வளவு பிடித்துப்போனது.

கூடைக்கு எங்கே போவது? காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவர், எங்கள் மாணவியின் அப்பா, இரண்டு மூங்கில் கூடை கொடுத்தார். அடியை அறுத்தோம். எத்தனை தடவை கழுவியும் வாசனை போகவில்லை. முதல் வாரம் முழுக்கப் பூனைகள் கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருந்தன. கம்பத்துக்கு எண்ணூர் ஹைரோட்டில் ஒரு வெல்டிங் கடைக்காரர் பழைய பைப் தந்தார்.

கம்பத்தை மைதானத்துக்குள் தள்ளி நட வேண்டும், சுற்றிலும் ஆட இடம் விட வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் படமே போட்டிருந்தது. ஹெச்.எம். ஒத்துக்கொள்ளவில்லை. "பிரேயருக்கு லைன் நிக்கணும் மேடம், நடுவுல கம்பம் இருந்தா எப்படி?" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஒரே பந்துதான் இருக்கிறது, கேட்டைத் தாண்டி உருண்டால் கன்டெய்னர் லாரிக்கு அடியில்தான் போகும். சுவரை ஒட்டி நட்டால் குறி தவறிய பந்து சுவரில் பட்டுக் கைக்கே திரும்பி வந்துவிடுமே. இரண்டு கோடியிலும் சுவரை ஒட்டி நட்டுவிட்டேன். ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

2. அந்தோணி சொன்ன நிபந்தனை

பையன்கள் சுலபமாகக் கிடைத்தார்கள். மூன்று பெண்களும் கிடைத்தார்கள். நாலாவதாக வந்தவள்தான் ரெஜினா, பதினொன்றாம் வகுப்பு. எங்கிருந்து போட்டாலும் கூடைக்குள் விழும். அவள் வந்த மூன்றாம் நாளே அவளுடைய அப்பா அந்தோணி பள்ளிக்கு வந்துவிட்டார். ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார்.

"இன்னா டீச்சர், பொம்பளப் புள்ளயும் ஆம்பளப் பசங்களும் ஒண்ணா ஆடுறதாமே. இன்னா ஆட்டம் இது?"

நான் விதிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். எந்தப் பையனும் அவளைத் தடுக்க முடியாது, மீறினால் விசில் ஊதுவார்கள் என்றேன்.

"புக்குல ஆயிரம் போட்டுக்கீலாம். நான் கண்ணால பாக்கணும். மொத மேட்ச் வரிக்கும் ஆடட்டும், நானும் கூட வர்றேன். புடிக்கலன்னா அன்னியோட சரி. அப்பறம் நீ வூட்டுக்கு வந்து பேசக் கூடாது."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? அவள் போனால் பெண்கள் மூன்று பேர். மூன்று பேரோடு அணியே கிடையாது. அதைவிட, அந்தப் பெண் பந்தைக் கையில் வாங்கினால் அவள் முகமே வேறு. அதை இழக்க எனக்கு மனசில்லை.

ஏழு மாதம் தினமும் சாயங்காலம் ஆடினோம். மணலி ஆலைகள் பக்கமிருந்து அடிக்கும் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆடிய நாட்களும் உண்டு.

3. செங்கல்பட்டு

முதல் போட்டி செங்கல்பட்டில். எலக்ட்ரிக் ட்ரெயினில் போனோம். அந்தோணி லீவு போட்டுவிட்டு வந்தார். மற்ற பெற்றோர்கள் கோட்டோரம் நிற்க, இவர் மட்டும் கேலரியின் கடைசிப் படிக்கு ஏறி உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் எங்கள் மானம் போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் போட்ட பந்து கூடையில் விழாவிட்டால் கம்பத்துக்குப் பின்னால் போய் விழுந்தது. அங்கே எதிரணிப் பெண் ஒருத்தி சாவகாசமாக நின்று எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் வந்தபோது அவர்கள் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி, பின்னாலிருந்தே கோல் போட்டார்கள். என் பிள்ளைகள் எட்டுப் பேரும் கம்பத்துக்கு முன்னாலேயே நின்றார்கள்.

இடைவேளையில் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "கண்ண எங்க வெச்சிருக்கீங்க? ஏழு மாசமா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது செவுத்துக்குச் சொன்ன மாதிரியா?" என்றேன். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். பதினான்குக்கு மூன்று என்று தோற்றோம்.

அந்தோணி படியிறங்கி வந்தார். போச்சு, இனி இந்தப் பெண் வர மாட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத. மேல குந்திகினு பாத்தா நல்லா தெரியுது. நம்ம புள்ளைங்க ஒண்ணு கூட கம்பத்துக்குப் பின்னாடி போவல. பந்து திரும்பி வரும்னு கைய நீட்டிகினு நிக்கிதுங்க. எங்கேர்ந்து வரும்? இங்க செவுரா கீது?"

சுவரை ஒட்டிக் கம்பம் நட்டவள் நான். பந்து சுவரில் பட்டுத் திரும்பும், காத்திருந்தால் போதும் என்று ஏழு மாதம் பழக்கியவள் நான். விதிப் புத்தகத்தின் படத்தைப் பார்த்தும் பார்க்காதவளும் நான்தான்.

திரும்பி வரும் ரயிலில் தாம்பரம் தாண்டியதும் ரெஜினா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்களாலதான் தோத்தோம் மிஸ். சாரி மிஸ்" என்றாள். அழுதிருந்தாள்.

அவ்வளவு பெரிய பெட்டியில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், எட்டுப் பேரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். "உங்களால இல்ல. கம்பத்த நான் தப்பான எடத்துல நட்டுட்டேன். திட்டினதும் தப்பு. என்ன மன்னிச்சுடுங்க" என்றேன். ஓர் ஆசிரியையாக நான் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தோணிதான் பேசினார்.

"ஞாயித்துக்கெழம எனக்கு ஆஃப். கடப்பாறையோட ரெண்டு தோஸ்துங்களயும் இட்டுனு வர்றேன். நீ ஹெச்.எம்.மாண்ட பேசி கேட்ட தொறந்து வையி. கம்பத்த எங்க நடணும்னு எம்பொண்ணு காட்டுவா."

ரெஜினா சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெச்.எம்.மிடம் நான் பேசியது பேச்சில்லை, சண்டை. பிரேயர் லைன் ஒரு வளைவு வளைந்து நின்றால் ஒன்றும் குடி முழுகிப்போகாது என்று ஒத்துக்கொள்ள வைத்தேன். ரெஜினா ப்ளஸ் டூ முடிக்கும்வரை ஆடினாள். இன்று வண்ணாரப்பேட்டையிலும் மீஞ்சூரிலும் சில பள்ளிகளில் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். அங்கே வேலைக்கு வரும் இளம் விளையாட்டு ஆசிரியர்கள் சிலர் எனக்குப் போன் செய்வதுண்டு. பிள்ளைகள் சொன்ன பேச்சே கேட்பதில்லை என்று புலம்புவார்கள்.

ஒரு பிள்ளை தப்பு செய்தால் பிள்ளையைப் பாருங்கள் என்பேன். எட்டுப் பிள்ளைகளும் ஒரே தப்பைச் செய்தால் உங்களைப் பாருங்கள்.