பறக்கும் படகுக்கு ஈரச் சாக்கு

அண்ணையின் சுண்டுவிரல் நகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதைப் பலகை இடுக்கில் செருகிக் காட்டி, "போன மாசம் இது உள்ளுக்குப் போகேல்லை" என்றார். நான் அண்ணை என்று கூப்பிடும் அவர் மன்னார்க்காரர், லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை. நான் அதே கூடத்தின் காவலாளி. பலகையோ, முதலாம் உலகப் போரில் கடலுக்கு மேலே பறந்து நீர்மூழ்கிகளை வேவு பார்த்த ஒரு பறக்கும் படகினுடையது. மேலே விமானம், கீழே அச்சொட்டாய் மர வள்ளம். ஆறு வருடம் அதைக் காவல் காத்த எனக்கு, அது மரம் என்பதே அன்றுதான் உறைத்தது.

மாரிக் குளிர் தொடங்கியதும் கூடத்தில் ஹீட்டரைக் கூட்டிவிட்டிருந்தார்கள். அண்ணையின் தகப்பன் கடலுக்குப் போனவர். கரையில் கிடக்கும் வள்ளம் காய்ந்தால் பலகை சுருங்கும், இடுக்கு வாய் பிளக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "மரத்துக்கு விடாய், தண்ணி கேக்குது" என்று மேலாளரிடம் போய்ச் சொன்னார். மேலாளர் சிரித்தாராம். நிலத்தைப் பார்த்துக்கொள், படகை நாங்கள் பார்க்கிறோம் என்றாராம். அந்த மரியாதையான சிரிப்பை நானும் பலமுறை வாங்கியிருக்கிறேன். கன்னத்தில் அறைந்தாலாவது திருப்பி அறையலாம்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் அண்ணை என்னிடம் சொன்னார்: "டேய், நாளைக்கு விடிய ரெண்டு ஈரச் சாக்கு கீழ விரிக்கப் போறன். ஈரம் மேல ஏறும். நீ கண்டிட்டுப் பயந்திடாத."

"ஓம் அண்ணை, ஓம்" என்றேன். கண் போனில், வாய் கடித்த மீன் ரோல்ஸில்.

அடுத்த நாள் காலை கூடத்தைத் திறக்கிறேன், படகுக்கடியில் தண்ணீர். குழாய் வெடித்துவிட்டது, கூரை இறங்கப்போகிறது, என் வேலை போகப்போகிறது. அரை விநாடியில் இத்தனையும் யோசித்த மூளைக்கு, கீழே கிடந்த பாஸ்மதி அரிசிச் சாக்கு மட்டும் தெரியவில்லை. தண்ணீரைக் கண்டு நெருப்பு அலாரத்தை அடித்த ஒரே காவலாளி நானாகத்தான் இருப்பேன். மொத்தக் கட்டடமும் மழையில் போய் நின்றது. எல்லாருக்கும் முன்னால் வெளியே வந்தவன் நான். நூறு வருடப் பொருட்கள் நிறைந்த கூடத்திலிருந்து நான் காப்பாற்றிக் கொண்டுவந்தது என் சாப்பாட்டுப் பெட்டியை.

விசாரணை வைத்தார்கள். காவலாளிக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் எச்சரிக்கையோடு விடலாம், சொல்லாமல் காட்சிப்பொருளில் கை வைத்திருந்தால் வேலை இல்லை. "தம்பியிட்டச் சொன்னனான்" என்றார் அண்ணை. நானே அதை மேலாளருக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். மேலாளர் என் பக்கம் திரும்பினார். அப்படியென்றால் தெரிந்துகொண்டா அலாரம் அடித்தாய்?

என் நாக்கு என்னைக் கேட்காமலே ஓடியது. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன். அண்ணைக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

வேலை போய் வெளியே வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பயந்திட்டாய், என்ன? சரி விடு. அந்தச் சாக்கைப் பிழிஞ்சு காயப் போடு, இல்லாட்டி மணக்கும்."

ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றுவரை அந்தக் கோபம் எனக்கு அவர் மேலும் உண்டு.

இரண்டு மாதம் கழித்து நிபுணர்கள் வந்தார்கள். தட்டினார்கள், அளந்தார்கள், காற்று உலர்ந்திருக்கிறது, மரத்துக்கு ஈரம் வேண்டும் என்று தடித்த அறிக்கை எழுதினார்கள். இப்போது படகுக்குப் பக்கத்தில் ஈரக் காற்று விடும் மெஷின் நிற்கிறது. காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சிந்தாமல் ஊற்றுவதற்கு அரை நாள் பயிற்சியும் தந்தார்கள். மரம் ஏன் காயக்கூடாது என்று மேலாளர் எனக்கு விளக்கினார். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் மேலாளர் விருந்தினர்களைக் கூட்டிவந்தார். என் தோளில் கை வைத்து, அன்று இவர் அலாரம் அடித்திருக்காவிட்டால் வெடிப்புகளை யாரும் பார்த்திருக்க மாட்டோம், படகைக் காப்பாற்றியவர் இவர்தான் என்றார். கை தட்டினார்கள். இல்லை, அது வேறொருவர் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். மேலாளரின் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

"தாங்க் யூ" என்றேன்.