அருளப்பனும் குங்குமம் பட்ட படங்களும்

அருளப்பன் போய்விட்டார் என்று காத்தான் மேஸ்திரி வந்து சொன்னபோது, ஏலக் கம்பெனி மாடியில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். "கிராணி ஐயா போயிட்டாருங்க. காலையில கஞ்சி குடிக்கறப்பவே தலை சாஞ்சிருச்சாம்" என்று சொல்லிவிட்டு அவன் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. அந்த மனிதர் இருந்தவரை எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அவரே பயந்துகொண்டிருந்தார். இனி அவரவர் பயத்தை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரங்கூன் பசுந்தாங் பக்கம் அவரைத் தெரியாத தமிழர் கிடையாது. பர்மியர்கள்கூட 'சயா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். தெரிந்தவர்கள் நான் சொல்லப்போவதைப் படித்துச் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ரங்கூனில் அவரைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார், நிப்பு இடியை இழுக்குமாம். டிராம் அசையாமல் நின்றால்தான் ஏறுவார். அதனால் பாதி நாள் நடைதான். "என்னங்க, இப்படிப் பயப்படுறீங்க?" என்று ஒரு மழைநாளில் கேலி செய்தேன். "பயம் நல்லது தம்பி. பயந்தவன்தான் கதவைச் சாத்துனோமான்னு திரும்பிப் போய்ப் பார்ப்பான்" என்றார். சொன்னவர் அன்றும் பாதி வழியில் திரும்பிப் போனார்.

சில வருஷங்களுக்கு முன், அவர் கம்பெனியில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தபோது, மழை விடும் சமயத்தில் ஓர் ஆங்கிலேய ஓவியரின் படங்கள் எங்களிடம் ஏலத்துக்கு வந்தன. பெரிய பெயரெடுத்தவர் அல்ல. அவருடைய ஊர்க்காரர்களுக்கே அவரைத் தெரியாது என்று எங்கள் கம்பெனித் துரை சொன்னார். இங்கே காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தார். ஊருக்குக் கப்பலேற வேண்டி அவர் மனைவி எல்லாவற்றையும் விற்கக் கொடுத்திருந்தார். வயல், ஆறு, பசுந்தாங் ஓடையில் நெல் படகு என்று இடங்கள்தான் மாறும். எதிலும் முக்கால்வாசி வானம், கருக்கிக்கொண்டு நிற்கும் மழைமேகம்.

படங்களைச் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் சாத்தி வைத்திருந்தோம். ஏலத்துக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. கிட்டங்கியில் தராசு, சுத்தியல், கைவண்டி எல்லாவற்றுக்கும் காத்தானும் ஆட்களும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். "எல்லாத்துக்கும் வைக்கட்டுங்களா?" என்று காத்தான் கேட்டான். அருளப்பன் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் சரஸ்வதிக்குக் கோபம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு அதிலும் ஒரு பயம். "எல்லாத்துக்கும் வைப்பா. ஒண்ணையும் விட்றாதே" என்றார். காத்தான் ஒன்றையும் விடவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், ஒவ்வொரு படத்திலும் வானத்தின் நடுவே ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். அருளப்பன் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துபோன காத்தான் ஒரு படத்தை ஈரத்துணியால் தேய்த்தான். மேகம் முழுக்கச் சிவப்பு பரவியது. "ஐயோ, தொடாதே!" என்று அருளப்பன் அலறும்போதே வாசலில் மோட்டார் வந்து நின்றது. துரையும் அந்த ஓவியரின் மனைவியும் இறங்கினார்கள்.

துரை படங்களைப் பார்த்தார். முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. செய்தவன் யார் என்று கேட்டார். அவன் இந்த நிமிஷமே வெளியேற வேண்டும், யாரும் வாய் திறக்காவிட்டால் கிட்டங்கி ஆட்கள் மொத்தப் பேரும் போகலாம் என்றார். காத்தானுக்கு ஊரில் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்பிள்ளைகள். இந்தச் சம்பளத்தை விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கும்பிட்ட கையோடு காத்தான் முன்னே வர எத்தனித்தான். அதற்குள் அருளப்பன் அவனை மறைத்துக்கொண்டு போய் நின்றுவிட்டார். கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. "நான்தான் வைக்கச் சொன்னேன். இவன் சொன்னதைச் செய்தான்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

அந்த அம்மாள் கிட்டே போய்ப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார். எங்களுக்குச் சோறு போடுகிற பொருளுக்கெல்லாம் வருஷத்தில் ஒரு நாள் இப்படி வைத்துக் கும்பிடுவோம் என்று அருளப்பன் திக்கித் திணறிச் சொன்னார். "இவை எங்களுக்கு ஒருநாளும் சோறு போட்டதில்லை" என்றார் அந்த அம்மாள். மேகம் சிவந்த படத்தை ஏலத்தில் விடாமல் தாமே எடுத்துக்கொண்டார். யாரையும் வெளியே அனுப்ப வேண்டாம் என்று துரையிடம் கேட்டுக்கொண்டார்.

துரை அனுப்பவில்லை, மன்னிக்கவும் இல்லை. பெரிய கிராணி நாற்காலி எனக்கு வந்தது. அருளப்பனை மாடிப்படிக்கு அடியில் பார்சல்களுக்குச் சீட்டு ஒட்ட உட்கார வைத்தார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தார். "அன்னைக்கு எப்படிங்க அவ்வளவு தைரியம் வந்துச்சு?" என்று ஒருநாள் கேட்டேன். "தைரியமா? அது எங்க தம்பி வந்துச்சு? அது வரட்டும்னு நின்னிருந்தா காத்தான் கப்பலேறியிருப்பான்" என்றார்.

நேற்று அடக்கம் முடிந்து திரும்பியதும் துரை என்னைக் கூப்பிட்டார். காத்தானுக்கு வயதாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிடு என்றார். நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. சொல்ல மாட்டேன் என்பதைத் துரையிடம்தான் போய்ச் சொல்ல வேண்டும். இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் இந்த நாற்காலி வேறொருவருக்குப் போயிருக்கலாம். அருளப்பனிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அவருடைய நடுக்கம் ஒன்றுதான். அதோடுதான் நாளைக் காலையில் துரையின் கதவைத் தட்டப் போகிறேன்.