உலை வைக்கும் முன் ஒரு தலைக்கணக்கு

பிள்ளைகளை எண்ணி, அதற்குத் தக்கபடி அரிசி அளப்பதுதான் சத்துணவு ஆயாவின் வேலை. எண்ணிக்கை சரியாக இருந்தால் சோற்றில் உப்புக் குறைந்தாலும் மேலே இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். இதைச் சொல்லத் தொடங்கும்போதே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வருஷம் ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். தொண்ணூறுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற வழியில் கரிசல் காட்டுக்கு நடுவே எங்கள் நடுநிலைப் பள்ளி. எட்டு வகுப்பு, தலைமை ஆசிரியரையும் சேர்த்து நான்கு ஆசிரியர்கள். சமையலுக்கு ஒருத்தி, உதவிக்கு நானும் இன்னொருத்தியும், எங்களுக்கு மேலே கணக்குப் பார்க்க ஒரு சத்துணவு அமைப்பாளர். சாப்பிடுகிற பிள்ளைகள் குறைந்துவிட்டால் உதவிக்கு இருப்பவர்களில் ஒருத்தியை எங்கேயாவது தூரத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். பிந்தி வந்தவள் நான். அதனால் காலையில் தெருவில் எத்தனை பிள்ளை பையோடு போகிறது என்பதிலேயே என் கண் இருக்கும். இந்த வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஒரே தேதியில் பிறந்தவர்கள்

பதிவேடு பார்க்க வந்த அதிகாரி ஒருவர் மூன்றாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகளுக்கு ஒரே பிறந்த தேதி இருப்பதைப் பார்த்துவிட்டார். ஒரே ஊரில் ஒரே நாளில் பதினோரு பிரசவமா என்று கேட்டார். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சேர்க்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக அவர் எல்லோருக்கும் ஒரே தேதியைப் போட்டுவிடுவது வழக்கம். அந்தப் பதினொன்றில் என் மகளும் உண்டு. அவள் பிறந்தது ஐப்பசி அடைமழையில். பதிவேட்டில் வைகாசி வெயில். எங்கே என்னைக் கேட்டுவிடுவாரோ என்று டீ தம்ளரை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

மகனுக்குச் சான்றிதழ் வாங்க வந்து வாசலில் நின்ற ஒரு தாயைப் பிடித்துக்கொண்டார் அதிகாரி. "உன் மகன் என்னைக்கும்மா பொறந்தான்?" என்றார். அவள் யோசிக்கவே இல்லை.

"புள்ளைய நாங்க பெத்தோம், தேதிய சார் போட்டாவ. அவியகிட்டயே கேளுங்க."

கணக்கில் முதல் மாணவி

ஏழாம் வகுப்பில் முத்துமாரி என்று ஒரு பிள்ளை. விடியுமுன் ஊருக்குள் வரும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறி லேபிள் ஒட்டப் போய்விடும். வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கு வந்தால் பெரிது. ஆனால் நூற்று நாற்பத்து நாலை எதால் பெருக்கச் சொன்னாலும் கரும்பலகையைப் பார்க்காமலே விடை சொல்லும். தினமும் வருகிற பிள்ளைகள் விரலை மடக்கிக்கொண்டிருக்கும்.

புதிதாக வந்த கணக்கு டீச்சருக்கு மனசு தாங்கவில்லை. "ஏட்டி, ரெண்டு நாள் வந்தே இப்படிப் போடுதியே, தினம் வந்தா என்ன?" என்று கேட்டார். ஒரு குரோஸுக்கு நூற்று நாற்பத்து நாலு பெட்டி, அதை எண்ணி எண்ணித்தான் வந்தது என்று முத்துமாரி விளக்கினாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குக் கிளம்பினாள்.

"தினம் இங்கன வந்தா கணக்கு மறந்துபோகும் டீச்சர்."

முட்டை நாள் பரீட்சை

முட்டை போடும் நாளில் மட்டும் பள்ளி நிறைந்துவிடும். ஆட்டுக்குப் பின்னால் போகிற பிள்ளையும் வரும், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டும் வரும். அன்று எனக்கு நிம்மதி. அந்த நிறைவைப் பார்த்து ஆசைப்பட்ட இளம் வாத்தியார் ஒருவர் மாதத் தேர்வை முட்டை நாளில் வைத்தார். ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எழுதியது. புத்தகத்தைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளும் எழுதின. தேர்ச்சி படுத்துவிட்டது.

பலகையில் தேர்ச்சி விகிதத்தை எழுதிவிட்டு, அதை அழிக்கலாமா என்று வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். தலைமை ஆசிரியர் அவரைத் தனியாக அழைத்து, சமையலறைச் சுவர் ஓரமாக நின்று சொன்னது என் காதில் விழுந்தது.

"படிக்கிறவன் மட்டும் வாற நாளாப் பாத்து வைக்கணும் தம்பி. ஊரையே கூட்டியா பரீட்சை வைப்பாவ?"

"நேத்து மாதிரிதான்"

தினமும் காலையில் நான் வகுப்பு வாசல் வாசலாகப் போய் நிற்பேன். ஆசிரியர் உள்ளிருந்தபடியே எண்ணிக்கையைச் சொல்வார். கூட்டிச் சமையலறைப் பலகையில் எழுதுவேன். பருத்தி வெடித்த சமயம் அது. பாதிப் பிள்ளைகள் காட்டில் பருத்தி எடுக்கப் போயிருந்தன. அப்போது ஒருநாள் நான்கு ஆசிரியரும் தலை நிமிராமல் "நேத்து மாதிரிதான் ஆயா" என்றார்கள். வகுப்பு பாதி காலியாக இருந்தது எனக்கும் தெரிந்தது. எண்ணிக்கை குறைந்தால் போவது நான்தானே. பேசாமல் தொண்ணூற்று இரண்டு என்று எழுதினேன்.

மத்தியானம் முன்னறிவிப்பு இல்லாமல் சத்துணவு அதிகாரியின் ஜீப் வந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்த பிள்ளைகளை அதிகாரி வரிசையில் நடந்து எண்ணினார். ஐம்பத்தேழு. அண்டாவில் மிச்சச் சோறு அப்படியே இருந்தது. "யார் சொன்ன கணக்கு இது?" என்றார். நான் நான்கு ஆசிரியர்களையும் பார்த்தேன். ஒருவர் வேப்பமரத்தைப் பார்த்தார், ஒருவர் மணியைப் பார்த்தார். அதுவரை என்னிடம் முகம் கோணாத சத்துணவு அமைப்பாளர்தான் முன்னால் வந்தார்.

"அவ அஞ்சாப்புதான் சார் படிச்சிருக்கா. எண்ணத் தெரியாம எழுதிட்டா."

கரித்துண்டு

மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு தடவை நடந்தால் மாற்றல் இல்லை, வேலையே போகும் என்றார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வகுப்புகளுக்குப் போகவில்லை. சமையலறை வாசல் சுவரில் சுண்ணாம்பு அடித்து, வகுப்புக்கு ஒன்றாக எட்டுக் கோடு போட்டு, கரித்துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். எட்டு எண்ணும் அவரவர் கையெழுத்தோடு விழுகிறவரை அரிசியை அளக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். பதினோரு மணிக்குத் தலைமை ஆசிரியரே வந்துவிட்டார். "எங்க மேல நம்பிக்கை இல்லையா ஆயா?" என்றார். "நம்புதேன் சார், எழுதிட்டுப் போங்க" என்றேன். எழுதினார்.

தன் கையால் எழுதவேண்டும் என்றானதும் ஆசிரியர்கள் எண்ணத் தொடங்கினார்கள். ஐம்பத்தெட்டு, அறுபது என்று வந்தது. அந்த எண் சுவரில் எல்லோர் கண்ணிலும் படவே, இளம் வாத்தியார் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்திக் காட்டுப் பக்கம் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். கொஞ்சம் ஏறியது, முழுதாக ஏறவில்லை. அந்த வருஷம் மாற்றல் வரவில்லை. அடுத்த வருஷம் வருமோ என்ற கவலை மட்டும் என்னோடேயே இருந்தது. தலைமை ஆசிரியர் ஒருநாள் கையில் ஒட்டிய கரியைத் துடைத்தபடி சொன்னார்:

"உன்னால எங்க நாலு பேருக்கும் வேட்டி சேலையெல்லாம் கரி ஆயா."

அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் என்று எந்த அதிகாரி கேட்டாலும் வாயைத் திறக்காமல் சுவரைக் காட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அப்படியே என் வேலைக்காலத்தை முடித்தேன்.